வேலியும் திட்டிவாசலும்

எங்கள் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் தனி ஊசல் சோதனை நடந்துகொண்டிருந்தது. 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை அளந்து, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடும் பழைய சோதனைதான். முதலாண்டு மாணவி ஒருவர் கணக்கைக் கையால் போடாமல் பைத்தான் மொழியில் ஒரு சிறு நிரல் எழுதி வைத்திருந்தார். பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியலைத் தமிழ்வழியில் பயின்றவர். சற்றுத் தயங்கியவாறு என்னிடம் வந்து, “சார், வெளியிலேருந்து கூப்பிட முடியாதுன்னு புத்தகத்துல போட்டிருக்கு. நான் கூப்பிட்டுட்டேன். வேலையும் செய்யுது. இது தப்பா சார்?” என்று கேட்டார்.

அவர் செய்தது இதுதான். நிரலில் ‘ஊசல்’ என்று ஓர் இனக்குழுவை அமைத்திருந்தார். ‘கிளாஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நம் பாடநூல் தந்துள்ள பெயர் இனக்குழு என்பது. ஒரே வகையான பொருள்கள் பலவற்றிற்குப் பொதுவான அச்சு என்று அதனைக் கருதலாம். அந்த அச்சிலிருந்து வார்த்தெடுக்கப்படும் ஒவ்வோர் ஊசலும் ஒரு ‘பொருள்’. பொருள் செய்யவல்ல வேலை ஒவ்வொன்றும் ஒரு ‘செயற்கூறு’. சில வேலைகள் தனித்தனி ஊசலுக்கு உரியவை அல்ல, அச்சுக்கே உரியவை. அளவீடுகளில் பெரிதும் விலகி நிற்கும் ஒன்றை நீக்கிவிட்டு எஞ்சியவற்றின் சராசரியைக் காண்பது அத்தகைய வேலை. எந்த ஊசலானாலும் அது மாறாது. எனவே அதனை இனக்குழுவின் சொந்தச் செயற்கூறாக எழுதி, பெயருக்கு முன்னால் இரண்டு அடிக்கோடுகளை இட்டு, அந்தரங்கமாக்கியிருந்தார். 2019-இல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பாடநூல் கற்பிப்பதும் இதையே: இரட்டை அடிக்கோட்டில் தொடங்கும் உறுப்பை இனக்குழுவுக்கு உள்ளேதான் அணுகலாம்.

ஆனால் நிரலின் வேறொரு மூலையில் அதே சராசரி தேவைப்பட்டபோது, ஓர் அடிக்கோடு, அடுத்து இனக்குழுவின் பெயர், அதன்பின் அந்தரங்கப் பெயர் என்று சேர்த்து எழுதி, வெளியிலிருந்தே அழைத்துவிட்டார். கணிப்பொறி மறுப்பேதும் சொல்லவில்லை.

அறையைப் பூட்டி, ‘உள்ளே வரக்கூடாது’ என்று பலகையும் மாட்டிவிட்டு, சாவியை நிலைப்படியின் மேலேயே வைத்தவர் யார்? ஏன் வைத்தார்? இதற்கு விடை காண ஏறத்தாழ 60 ஆண்டுக் கதையைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

வேலி இல்லாத தோட்டம்

கதை தொடங்குவது நார்வே நாட்டின் தலைநகர் ஆஸ்லோவில். அங்குள்ள நார்வே கணிப்பு மையத்தில் கிறிஸ்டன் நைகார்ட், ஓலே-யோஹான் டால் என்ற இருவர் 1960-களில் ‘சிமுலா’ என்னும் மொழியை உருவாக்கினர். துறைமுகத்தில் கப்பல்கள் காத்து நிற்பது, தொழிற்சாலையில் ஓர் இயந்திரத்திலிருந்து மற்றொன்றுக்குச் சரக்கு நகர்வது போன்றவற்றைக் கணிப்பொறிக்குள் நடத்திப் பார்ப்பது அவர்கள் நோக்கம். இதற்கு ஒவ்வொரு கப்பலும், ஒவ்வோர் இயந்திரமும் தன் நிலையைத் தானே நினைவில் வைத்துக்கொள்ளும் ஒரு தனிப் பொருளாக இருந்தால் வசதி என்று கண்டனர். 1967-இல் உருவான ‘சிமுலா 67’ மொழியில் இனக்குழு, பொருள், மரபுரிமம் ஆகிய மூன்றும் வந்துவிட்டன. இன்றைய பொருள்நோக்கு மொழிகள் யாவற்றுக்கும் அதுவே மூதாதை. இருவருக்கும் 2001-ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருது வழங்கப்பட்டது. மறு ஆண்டே, சில வார இடைவெளியில், இருவரும் காலமாயினர்.

இவ்வளவும் இருந்த அந்த மொழியில் தொடக்கத்தில் அந்தரங்கம் என்று ஒன்று இருக்கவில்லை! கப்பலின் பெயரை எழுதி, ஒரு புள்ளி வைத்து, எந்த உறுப்பையும் எவரும் எடுக்கலாம், மாற்றலாம். உறுப்புகளை மறைக்கும் வசதி 1970-களில்தான் அதில் சேர்க்கப்பட்டது. ஒரே மையத்தில், ஒரே அறையில் அமர்ந்து எழுதும் நாலைந்து பேருக்கு வேலி எதற்கு? வேலியின் தேவை, நிரலை எழுதியவர் ஓர் ஊரிலும் அதைப் பயன்படுத்துபவர் வேறோர் ஊரிலும் இருக்க நேர்ந்தபோது எழுந்தது.

அந்தத் தேவையைத் தெளிவாக எடுத்துரைத்தவர் டேவிட் பார்னாஸ். அமெரிக்காவில் கார்னெகி-மெல்லன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், 1972 டிசம்பரில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். (நம் சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370 என்னும் பெரிய கணிப்பொறி வந்து இறங்கியது அதற்கு அடுத்த ஆண்டில்.) ஒரு நிரலைப் பகுதிகளாகப் பிரிக்கும்போது எதை அளவுகோலாகக் கொள்வது என்பதே கட்டுரையின் வினா. அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு, அக்கால நூலகங்களுக்குப் பழக்கமான ஒரு சொல்லடைவு. ‘ஒளியின் விலகல் விதிகள்’ என்று ஒரு நூல் இருப்பதாகக் கொள்வோம். ‘விலகல் விதிகள் ஒளியின்’, ‘விதிகள் ஒளியின் விலகல்’ என்று தலைப்பைச் சுழற்றிச் சுழற்றி எழுதி, எல்லாவற்றையும் அகரவரிசையில் அடுக்க வேண்டும். அப்போது எந்தச் சொல்லை நினைவில் வைத்துத் தேடினாலும் நூல் அகப்படும்.

இந்த நிரலைப் படித்தல், சுழற்றல், அடுக்கல், அச்சிடல் என்று வேலையின் வரிசைப்படி பிரிப்பதே எவருக்கும் முதலில் தோன்றும். அப்படிப் பிரித்தால், தலைப்புகள் நினைவகத்தில் எவ்வாறு சேமிக்கப்பட்டுள்ளன என்ற செய்தி எல்லாப் பகுதிகளுக்கும் தெரிந்தாக வேண்டும். நாளை சேமிக்கும் முறையை மாற்றினால் எல்லாப் பகுதிகளையும் மாற்ற வேண்டும். பார்னாஸ் வேறு வழி காட்டினார். பின்னால் மாறக்கூடும் என்று தோன்றும் ஒவ்வொரு முடிவையும் ஒரு பகுதிக்குள் ஒளித்து வைத்துவிடு. வெளியாருக்கு, கேட்டால் கிடைக்கும் விடை மட்டும் தெரிந்தால் போதும், என்றார்.

இங்கு ‘ஒளித்தல்’ என்பதன் நோக்கத்தைக் கவனிக்க வேண்டும். திருடனிடமிருந்து காப்பதன்று அது. ஆக்கியவன் பின்னால் மனம் மாறி உள்ளேயுள்ளதை மாற்றிக்கொள்ளும் உரிமையைக் காப்பது.

எங்கள் ஊத்துக்கோட்டைப் பகுதியினருக்கு இதைச் சொல்லாமலே விளங்கும். கண்டலேறு அணையிலிருந்து வரும் கிருஷ்ணா நீர் தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடம் ஊரை அடுத்த தாமரைக்குப்பம். ‘ஜீரோ பாயிண்ட்’ என்றே அந்த இடத்தைச் சொல்வார்கள். 1983-இல் தமிழ்நாடும் ஆந்திரமும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 12 டி.எம்.சி. நீர் எல்லைக்கு வந்து சேர வேண்டும். (ஆண்டுதோறும் உண்மையில் எவ்வளவு வந்தது என்பது வேறு கதை.) ஆந்திரப் பகுதியில் கால்வாய் ஓடும் 152 கிலோமீட்டரில் எந்த மதகை எப்போது ஏற்றுவது, இறக்குவது என்பது அவர்கள் பாடு. 1996-இல் முதல் தண்ணீர் வந்தது. 2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் கால்வாயின் கரைகளையும் தளத்தையும் பெரிய அளவில் சீரமைத்தார்கள். உள்ளே அத்தனை மாறியும் ஒப்பந்தத்தில் ஒரு வரியைக்கூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை. ஏனெனில் ஒப்பந்தம் பேசுவது எல்லையில் அளக்கப்படும் நீரைப் பற்றி மட்டுமே. வழியில் உள்ள ஏதோ ஒரு மதகின் உயரத்தை நம்பி நம்மவர் கணக்குப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

தமிழுக்கு நேர்ந்தது

உள்ளமைப்பை நம்பிக் கணக்குப் போட்டவர் பட்ட பாட்டுக்குத் தமிழிலேயே பெரிய சான்று இருக்கிறது. ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துகளைக் கணிப்பொறியில் சேமிக்க ஆளுக்கொரு முறை வழங்கியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி ‘டாம்’, ‘டாப்’ என்ற இரு குறியீட்டு முறைகள் தமிழக அரசால் ஏற்கப்பட்டன. 2010-இல் அரசு ஒருங்குறிக்கு மாறியது.

பழைய முறைகளில் ‘கொ’ என்ற எழுத்து, நாம் கையால் எழுதும் வரிசையிலேயே, முதலில் ஒற்றைக் கொம்பு, அடுத்து ‘க’, பின்னர் கால் என மூன்று குறிகளாக இருக்கும். ஒருங்குறியிலோ முதலில் ‘க’, அடுத்து ஒகரக் குறி என இரண்டே. ‘இந்தச் சொல்லின் முதல் எழுத்து எது?’ என்று ஒரு பொதுச் செயற்கூறைக் கேட்டு வாங்கிய நிரல்கள், அந்தச் செயற்கூறை மட்டும் திருத்தியதும் முன்போலவே நடந்தன. ‘முதல் குறி கொம்பாக இருந்தால் அடுத்ததைப் பார்’ என்று தாமே உள்ளே கைவிட்டுத் துழாவிய நிரல்களை வரிக்கு வரி திருத்த வேண்டியதாயிற்று. பார்னாஸ் இதைப் பார்த்திருந்தால் தம் கட்டுரைக்குச் சொல்லடைவை விட்டுவிட்டு நம் கொம்பையே எடுத்துக்கொண்டிருப்பார் என்பது என் எண்ணம்.

பலகையா, பூட்டா?

வேலி வேண்டும் என்பது ஒருவாறு முடிவாயிற்று. எவ்வளவு உயரத்துக்கு என்பதில்தான் வழக்கு.

கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ஆலன் கே, டேன் இங்கால்ஸ், அடேல் கோல்ட்பர்க் முதலியோர் 1970-களில் ‘ஸ்மால்டாக்’ மொழியை வளர்த்தனர். அதில் பொருளின் உள்ளிருக்கும் மதிப்புகளை வெளியார் தொடவே முடியாது. செயற்கூறுகள் மட்டும் எல்லாருக்கும் திறந்தவை. ‘இது அந்தரங்கம்’ என்று சிலவற்றைத் தனித் தலைப்பின்கீழ் அடுக்கி வைப்பார்கள், அவ்வளவே. அழைத்தால் வேலை செய்யும். பூட்டு இல்லை, பலகை மட்டும். இனக்குழுவே ஒரு பொருள், ஆகவே அதற்கும் சொந்தச் செயற்கூறுகள் இருக்கலாம் என்ற கருத்தை முழுமைப்படுத்தியதும் ஸ்மால்டாக்கின் 1980-ஆம் ஆண்டுப் பதிப்புதான். இதனை நினைவில் கொள்க, பின்னால் வேண்டியிருக்கும்.

டென்மார்க்கைச் சேர்ந்த பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் பூட்டுப் பக்கம் போனார். 1979-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் அவர் தொடங்கிய முயற்சியே பின்னர் சி++ ஆயிற்று. அந்தரங்க உறுப்பை வெளியிலிருந்து அழைத்தால் நிரல்பெயர்ப்பி நிரலையே ஏற்காது. ஆனால் அவரும் இந்தப் பூட்டு கைதவறுதலைத் தடுக்குமேயன்றி வஞ்சகனைத் தடுக்காது என்பதை மறைத்ததில்லை. நினைவக முகவரியைக் கொண்டு சுற்றுவழியில் நுழைபவனை சி++ ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்து வந்தவை ஸ்கிரிப்ட் மொழிகள். லேரி வாலின் பெர்ல் 1987-இல் வெளிவந்தது. கிடோ வான் ராசம் ஆம்ஸ்டர்டாமில் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் எழுதத் தொடங்கிய பைத்தான் 1991-இல் வெளியாயிற்று. ஜப்பானியரான யுகிஹிரோ மாட்சுமோட்டோ 1993-இல் தொடங்கிய ரூபி 1995-இல் வெளிவந்தது. இம்மொழிகளில் எழுதிய நிரலை உடனே ஓட்டிப் பார்க்கலாம். எந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்பது பெரும்பாலும் ஓடும்போதுதான் தேடிக் கண்டறியப்படுகிறது. முன்கூட்டியே நின்று சோதிக்கும் கண்டிப்பான காவலாளி இல்லை. ஆகவே இங்கே வேலி போட்டவர்கள் அதில் ஒரு திட்டிவாசலையும் வைத்தனர். கோட்டையின் பெருங்கதவில், ஓர் ஆள் மட்டும் குனிந்து நுழையுமாறு அமைந்த சிறு கதவைத் திட்டிவாசல் என்பது நம் பழைய வழக்கு. பெருங்கதவு சாத்தியிருக்கும்போதும் வேண்டியவர் அதன் வழியே போய்வரலாம். ஆனால் குனிய வேண்டும்.

பைத்தானில் அந்தத் திட்டிவாசல்தான் நம் மாணவி கண்டது. 1996-இல் வந்த 1.4 பதிப்பு முதல், இரட்டை அடிக்கோட்டில் தொடங்கும் பெயரைப் பைத்தான் தானாகவே இனக்குழுவின் பெயரோடு ஒட்டி நீட்டிவிடுகிறது. செயற்கூறு எங்கும் ஓடி ஒளிவதில்லை, பெயர்தான் மாறுகிறது. தாய் இனக்குழுவில் ஒருவர் வைத்த பெயரையே, தெரியாமல், அதன் சேய் இனக்குழுவில் மற்றொருவர் வைத்துவிட்டால் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும். அந்த மோதலைத் தவிர்ப்பதே முதல் நோக்கம். பாடநூல் ‘அணுக முடியாது’ என்னும்போது, ‘அந்தப் பெயரால் அணுக முடியாது’ என்று படித்துக்கொள்ள வேண்டும்.

ரூபியின் விந்தை வேறு வகை. சென்னையில் 2010-இல் தொடங்கப்பட்ட, இன்று ஃபிரெஷ்வொர்க்ஸ் என வழங்கும் நிறுவனத்தின் முதல் மென்பொருள் ரூபியில்தான் எழுதப்பட்டது என்பதால் நம்மூர் இளைஞர் பலருக்கு இம்மொழி பழக்கமாயிருக்கும். ரூபியில் ஒரு செயற்கூறு அந்தரங்கமா என்பது, யார் அழைக்கிறார் என்பதைப் பொறுத்ததன்று; எப்படி அழைக்கிறார் என்பதைப் பொறுத்தது. வழக்கமாகப் பொருளின் பெயர், புள்ளி, செயற்கூறின் பெயர் என்று எழுதி அழைக்கிறோம். அந்தரங்கச் செயற்கூறின் முன்னால் பெயரும் புள்ளியும் வரக்கூடாது என்பதே விதி. வீட்டுக்குள் இருப்பவர் ‘அம்மா’ என்று மட்டும் கூப்பிடுகிறார். ‘இன்னார் வீட்டு அம்மா’ என்று விலாசம் சொல்லிக் கூப்பிடுபவர் வெளியார் என்று கொள்வது போல! இதனால் பல ஆண்டுக் காலம், தன்னைத்தானே குறிக்கும் ‘செல்ஃப்’ என்ற சொல்லை முன்னால் வைத்து அழைத்தால்கூட ரூபி ஏற்கவில்லை. 2019 டிசம்பரில் வந்த 2.7 பதிப்பில்தான் அது தளர்த்தப்பட்டது.

இனக்குழுவின் சொந்தச் செயற்கூறுகளிலோ இன்னொரு பொறி இருக்கிறது. இனக்குழுவின் நடுவில் ‘பிரைவேட்’ என்று ஒரு சொல்லை எழுதினால், அதற்குக் கீழே வருபவை யாவும் அந்தரங்கம் என்பது ரூபி கற்பவர் முதலில் அறிவது. ஆனால் அதற்குக் கீழே இனக்குழுவின் சொந்தச் செயற்கூறை எழுதினால், அது அந்தரங்கமாவதில்லை! எச்சரிக்கையும் கிடையாது. காரணம், முன்னே சொன்ன ஸ்மால்டாக் மரபு. இனக்குழு என்னும் அச்சும் ஒரு பொருள்; அதன் சொந்தச் செயற்கூறுகள் அந்த அச்சுக்கென்றே மறைவாக உள்ள வேறோர் இனக்குழுவில் வாழ்கின்றன. இங்கே எழுதிய ‘பிரைவேட்’ அந்த வீட்டுக்குச் செல்லாது. அதற்கென்று ‘பிரைவேட் கிளாஸ் மெதட்’ என்று தனிக் கட்டளை உண்டு. அதை எழுத மறந்து, தம் வேலி இருப்பதாகவே எண்ணிப் பல ஆண்டுகள் நிம்மதியாக உறங்கிய நிரலர்கள் ஏராளம்.

முறைப்படி வேலி போட்டாலும் திட்டிவாசல் இருக்கிறது. ரூபியில் அதன் பெயர் ‘செண்ட்’. ‘அனுப்பு’ என்று பொருள். இந்தப் பெயருள்ள செய்தியை இந்தப் பொருளுக்கு அனுப்பு என்று சொன்னால், அந்தரங்கமா பொதுவா என்று பாராமல் ரூபி அனுப்பிவிடும். ஒரே ஒரு பொருளைத்தான் வார்க்கலாம் என்று கட்டுப்படுத்தும் ‘சிங்கிள்டன்’ என்ற அமைப்பு ரூபியோடு கூடவே வருகிறது. புதுப்பொருளை வார்க்கும் ‘நியூ’ என்ற செயற்கூறை அந்தரங்கமாக்கியே அது இதனைச் சாதிக்கிறது. ‘செண்ட்’ வழியாக ‘நியூ’வை அழைத்தால், ஒன்றே என்று சொல்லப்பட்டது இரண்டாகிவிடும்.

இந்த வாசலை அடைக்க ஒருமுறை முயன்றார்கள். ரூபி 1.9 பதிப்பு உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், ‘செண்ட்’ அந்தரங்கத்தை மதிக்கும்படி மாற்றி, வேலியைத் தாண்ட வேறொரு பெயரை வைத்துப் பார்த்தனர். ஆனால் ‘செண்ட்’ தாண்டிச் செல்லும் என்று நம்பி எழுதப்பட்ட நிரல்கள் அதற்குள் பெருகியிருந்தன. பதிப்பு வெளியாகுமுன்பே மாற்றம் கைவிடப்பட்டது. வேலியை மதிப்பவருக்காக ‘பப்ளிக் செண்ட்’ என்று புதிதாக ஒன்றைச் சேர்த்ததோடு நின்றார்கள். பிறர் நம்பிவிட்டதால் ஆக்கியவரால் மாற்ற முடியாமற் போவது என்று பார்னாஸ் அஞ்சிய நிலை, அந்தத் திட்டிவாசலுக்கே நேர்ந்துவிட்டது!

‘ஹ’ தலைப்பின்கீழ் அணு

இனி என் சொந்தக் கதை. தமிழ்வழி மாணவர்களுக்காக இயற்பியல் கலைச்சொற்களைச் சில ஆண்டுகளாகத் தொகுத்து வருகிறேன். அதை அகரவரிசைப்படுத்த ரூபியில் ஒரு நிரல் எழுதினேன். தமிழ்ச் சொற்களை அகரவரிசைப்படுத்துவது பார்ப்பதுபோல் எளிதன்று. ஒருங்குறியின் எண் வரிசையை அப்படியே பின்பற்றினால் ‘ன’ என்பது ‘ப’வுக்கு முன்னால் வந்துவிடும், ‘ஜ’ என்பது ‘ச’வை ஒட்டி நிற்கும், புள்ளி வைத்த ‘க்’ நம் அகராதிகளில் ‘க’வுக்கு முன் வர வேண்டியது, ககர வரிசை முழுதும் முடிந்த பின் கடைசியில் வரும். ஆகவே யாரோ ஒருவர் இலவசமாக எழுதி வைத்திருந்த வரிசைப்படுத்தும் தொகுப்பைப் பயன்படுத்தினேன். சொற்களைக் கொடுத்தால் வரிசைப்படுத்தித் தரும் பொதுச் செயற்கூறு ஒன்று அதில் இருந்தது.

எனக்கு இன்னொன்றும் தேவைப்பட்டது. ‘அ’, ‘ஆ’, ‘இ’ என்று தலைப்பு எழுத்துகளை இட்டு, அவற்றின்கீழ்ச் சொற்களைப் பிரிக்க வேண்டும். தொகுப்பின் நிரலைத் திறந்து பார்த்தேன். ஓர் எழுத்தைக் கொடுத்தால் அகரவரிசையில் அதன் இடத்தைச் சொல்லும் செயற்கூறு உள்ளே இருந்தது. ஆனால் இனக்குழுவின் அந்தரங்கம் என்று எழுதியிருந்தது. ‘அ’வுக்கு 1, ‘ஆ’வுக்கு 2. நானே எழுதினால் இருபது வரி ஆகும். ‘செண்ட்’ போட்டால் ஒரு வரி. ஒரு வரியே போட்டேன். அது கொடுக்கும் எண்ணிலிருந்து 1 கழித்து, அந்த இடத்திலுள்ள தலைப்பை எடுத்துக்கொள்வேன். கணிப்பொறியில் பட்டியல்கள் பூச்சியத்தில் தொடங்குவதால் அந்தக் கழித்தல்.

இரண்டு ஆண்டுகள் எல்லாம் ஒழுங்காக நடந்தன. பிறகு துறைக் கணிப்பொறியைப் புதுப்பித்தபோது தொகுப்பின் புதிய பதிப்பும் ஏறிக்கொண்டது. கல்லூரி திறக்கும் அவசரம். 120 படிகளை அச்சிட்டு வகுப்பில் கொடுத்தாயிற்று. கால் மணி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “சார், ‘அணு’வைக் காணோம்.”

அணு இருந்தது, கடைசிப் பக்கத்தில், ‘ஹ’ என்ற தலைப்பின்கீழ்! அணுக்கரு, அதிர்வெண், அலைநீளம் யாவும் அங்கே. ‘அ’ என்ற தலைப்பின்கீழ் ஆற்றலும் ஆடியும். ‘ஆ’வின்கீழ் இயக்கமும் இழுவிசையும். தொகுப்பை எழுதியவர், உள்ளே எண்களை 1-இலிருந்து தொடங்குவதை விட்டு 0-இலிருந்து தொடங்குமாறு மாற்றியிருந்தார். அவருடைய பொதுச் செயற்கூறு முன்போலவே சரியாக வரிசைப்படுத்தியது. என் நிரலோ ‘அ’வுக்குக் கிடைத்த 0-இலிருந்து 1 கழித்து, ‘-1’-ஆம் இடத்துத் தலைப்பைக் கேட்டது. ரூபியில் -1 என்றால் பட்டியலின் கடைசி என்று பொருள். ஆகவே பிழை என்று அறிவிக்காமல், பணிவோடு ‘ஹ’வை எடுத்துக் கொடுத்துவிட்டது.

செயற்கூறையே அவர் நீக்கியிருந்தாலாவது நிரல் நின்று போயிருக்கும், நானும் விழித்துக்கொண்டிருப்பேன். உள்ளே கைவிடுவதில் உள்ள பெருந்தீங்கு இந்த ஓசையில்லாப் பிழைதான். தொகுப்பாசிரியரை நான் குறை சொல்ல இடமில்லை. தம் வீட்டு அடுக்களையில் பாத்திரத்தை இடம் மாற்றி வைக்க அவர் என்னைக் கேட்க வேண்டியதில்லை. மாற்றத்தின்போது எனக்கு அறிவிப்பு அனுப்பவும் அவரால் இயலாது. நான் உள்ளே வந்து போவதே அவருக்குத் தெரியாதே! பிறகு அந்த இருபது வரியை நானே எழுதிக்கொண்டேன்.

பூட்டுக் கட்சியினர்

அப்படியானால் திட்டிவாசலையே அடைத்துவிட்டால் என்ன? சிலர் அவ்வாறே செய்துள்ளனர், அதுவும் எதிர்பாராத இடத்தில். வலைப்பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட், 1995-இல் பிரெண்டன் ஐக் என்பவர் அவசர அவசரமாக உருவாக்கிய மொழி. இனக்குழுவின் உறுப்புகளுக்கு நெடுங்காலம் அதில் வேலியே இல்லை. பெயருக்கு முன் ஓர் அடிக்கோடு இட்டு, கண்டும் காணாதது போல இருக்க வேண்டுவார்கள். 2022-ஆம் ஆண்டுத் தரநூலில், பெயருக்கு முன் ‘#’ குறி இட்டால் உண்மையான அந்தரங்கம் என்று வகுத்தனர். இனக்குழுவின் சொந்தச் செயற்கூறுகளுக்கும் இது பொருந்தும். வெளியிலிருந்து அழைக்க அம்மொழியில் எந்தக் குறுக்கு வழியும் வைக்கவில்லை. உலகெங்கும் உள்ள பக்கங்கள் ஒரு தொகுப்பை நம்பியிருக்கும்போது, அதை ஆக்கியவர் உள்ளே எதையேனும் மாற்றினால் யார் பக்கம் எங்கே உடையும் என்று அவரால் கணிக்க இயலாது என்பது இவர்கள் வாதம்.

பி.எச்.பி. மொழி எதிர்த்திசையில் நடந்தது. 2004-இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பு ‘பிரைவேட்’ என்ற கண்டிப்பான வேலியைக் கொண்டுவந்தது. 2010-இல் வந்த 5.3.2 பதிப்பில், அந்தரங்கச் செயற்கூறுகளையும் ஆராய்ந்து அழைக்கும் ஒரு வழியைத் தானே திறந்துவிட்டது. முன்னதாக அனுமதிக் கட்டளை ஒன்றை எழுத வேண்டும் என்றிருந்த நிபந்தனையும் 2021-இல் வந்த 8.1 பதிப்போடு போயிற்று.

ஏன் திறந்தார்கள் என்றால், நியாயமான தேவைகள் இருக்கின்றன. நிரலைச் சோதிப்பவர் உள்ளே உள்ள ஒரு செயற்கூறைத் தனியே ஓட்டிப் பார்க்க விரும்புகிறார். பிழை தேடுபவருக்கு உள்ளே எட்டிப் பார்க்காமல் வேலை நடவாது. நள்ளிரவில் ஒரு தொகுப்பு பழுதாகி, ஆக்கியவர் வேறொரு கண்டத்தில் உறங்கிக்கொண்டிருந்தால், விடியும்வரை தாக்குப்பிடிக்கத் திட்டிவாசல் தவிர வேறு வழி இல்லை. இயற்பியல் படித்தவனான எனக்கு மூடியைத் திறக்கவே முடியாத கருவியின்மீது நம்பிக்கை வருவதில்லை. கால்வனாமீட்டரின் மூடியைக் கழற்றிப் பார்த்துத்தானே அதன் சுருளைப் பற்றி அறிந்தோம்! ஆகவே 120 படிகளை வீணாக்கிய பின்னும் நான் ரூபியின் கட்சியிலேயே இருக்கிறேன். ஆனால் இப்போது ‘செண்ட்’ எழுதும் இடத்திலெல்லாம், தொகுப்பின் எந்தப் பதிப்பை நம்பி எழுதினேன் என்பதையும் பக்கத்தில் குறித்து வைக்கிறேன். அந்தப் பதிப்பு அல்லாதது வந்தால் நிரல் உடனே நின்றுவிடுமாறு ஒரு வரியும் சேர்க்கிறேன்.

மாணவியின் வினாவுக்கு வருவோம். “தப்பில்லம்மா. வேலி போட்டதும் நீதான், தாண்டினதும் நீதான்” என்றேன். அவர் நிரலை வேறு யாரும் பயன்படுத்தவில்லை. ஆனால் ஒரு செயற்கூறு வெளியே இரண்டு இடத்தில் வேண்டியிருக்கிறது என்றால், அது அந்தரங்கமாக இருக்க வேண்டியதுதானா என்று யோசிக்கச் சொன்னேன். அவர் சற்று யோசித்து, பெயரின் முன்னிருந்த இரண்டு அடிக்கோடுகளையும் அழித்தார். அழைத்த இடத்திலும் நேரான பெயரை எழுதினார். நிரல் ஓடியது. புவியீர்ப்பு முடுக்கம் 9.68 என்று வந்தது. சற்றுக் குறைவாக இருக்கிறதே என்று இருவரும் நிரலை மறுபடி மேலிருந்து கீழே படித்தோம். நிரலில் பிழை இல்லை. ஊசலின் நீளத்தைக் குண்டின் மையம்வரை அளக்காமல் கொக்கிவரை மட்டும் அளந்திருந்தார்.